கணவன் – மனைவி செலவுக் கணக்கு: வங்கிச் செயலி கேட்காத கேள்வி

கணவனும் மனைவியும் மாதச் சம்பளம் எடுக்கும் வீடுகள் எமது பிரதேசத்தில் பெருகிவிட்டன. பாலமுனையில் எங்கள் தெருவில் மட்டும் ஆசிரியைகள், தாதியர், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் என்று எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. கணவன் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்க, மனைவி இங்கு அரசாங்கத் தொழில் செய்யும் வீடுகளும் உண்டு. இருவருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, இருவரின் கைத்தொலைபேசியிலும் வங்கிச் செயலி. ஆனால் யாருடைய பணம் எதற்குப் போனது என்று கேட்டால் இருவருக்கும் தெளிவான பதில் இருப்பதில்லை.

எனது தொழில் கணக்கு எழுதுவது. அதனால் உறவினரும் அயலவரும் செயலியைத் திறந்து காட்டி, “இந்தச் செலவையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது?” என்று கேட்பதுண்டு. எனது மனைவி ஆசிரியை என்பதால் எங்கள் வீட்டிலும் இந்த வேலை மாதாமாதம் நடக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மார்க்கம் சார்ந்து இங்கு சொல்பவை உலமாக்களிடம் கேட்டறிந்த, பரவலாக அறியப்பட்ட விடயங்களே. உங்கள் வீட்டு நிலைமைக்கு உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செயலி செலவை எப்படி வகைப்படுத்துகிறது என்று பார்ப்போம். அட்டை மூலம் பணம் பெறும் ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. இது உலகம் முழுவதற்கும் பொதுவான முறை. பலசரக்குக் கடைக்கும் சுப்பர் மார்க்கெட்டுக்கும் 5411, உணவகத்துக்கு 5812, எரிபொருள் நிலையத்துக்கு 5541, பாமசிக்கு 5912. நீங்கள் அட்டையை நீட்டியதும் அந்த எண் வங்கிக்குப் போகும். அதை வைத்துத்தான் “உணவு”, “போக்குவரத்து”, “சுகாதாரம்” என்று செயலி நிறம் பூசிக் காட்டுகிறது. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எங்கே வாங்கினீர்கள் என்பது மட்டுமே தெரியும். அக்கரைப்பற்றில் ஒரே பில்லில் பிள்ளைக்குப் பால்மாவும், மாமியின் வீட்டுக்கு அரிசியும், கணவனின் கடைக்குத் துடைப்பமும் வாங்கினால் மூன்றும் 5411தான்.

எமது ஊரில் இந்த வகைப்படுத்தல் இன்னும் பலவீனமானது. கடற்கரையில் வாங்கும் மீனுக்கு அட்டை இல்லை. மூலைக்கடைக் கணக்கு கொப்பியில் ஏறி, சம்பளத்தன்று காசாகத் தீர்கிறது. டியூஷன் பணமும் ஓதற்பள்ளிப் பணமும் கையில் கொடுப்பவை. இவை எல்லாமே செயலியில் “ஏ.டி.எம். மீளப்பெறல் 20,000” என்ற ஒற்றை வரியாகத்தான் தெரியும். 2015இல் அறிமுகமான செஃப்ட்ஸ் முறையில் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்புகிறோம். அது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகும் மாற்றம் மட்டுமே என்பதால் அதற்கு வியாபாரி வகை எண் கிடையாது. லங்கா கியூஆர் ஒட்டிய கடைகள் கூடக்கூட இந்த நிலை கொஞ்சம் மாறலாம்.

வேளாண்மை செய்யும் வீடுகளுக்கு வேறொரு சிக்கல். செயலி மாதத்தைத்தான் அறியும். பெரும்போகம் விதைக்கும் ஒக்டோபர், நவம்பரில் உழவு, விதைநெல், உரம், எண்ணெய் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். வெட்டு முடிந்து நெல் விற்கும் பெப்ரவரி, மார்ச் வரை வரவு என்று எதுவும் இராது. அந்த நான்கைந்து மாதமும் “உங்கள் செலவு வரவை மீறிவிட்டது” என்று சிவப்பு அறிவிப்பு வரும். போடியாருக்குச் சிரிப்புத்தான் வரும்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். கையால் எழுதி நிரப்பிக்கொள்ளலாம். நான் பேச வந்த விடயம் வேறு.

வெளிநாடுகளில் சோடிகளுக்கென்றே செலவைப் பகிரும் செயலிகள் உள்ளன. 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்ப்லிட்வைஸ் அவற்றில் பிரபலமானது. பிரித்தானியாவில் மொன்சோ போன்ற வங்கிகளின் செயலிகளிலேயே கூட்டுக் கணக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் இருக்கின்றன. இலண்டனிலுள்ள எமது பிள்ளைகள் இவற்றைப் பாவிக்கிறார்கள். இங்கும் சிலர் தரவிறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு செலவைப் பதிந்தால் ஸ்ப்லிட்வைஸ் அதைத் தானாகவே சரிபாதியாகப் பிரித்து, “அவர் உங்களுக்கு 4,250 தரவேண்டும்” என்று காட்டும். பங்கை மாற்றலாம்தான். ஆனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி.

ஓர் அறையில் சேர்ந்து தங்கும் இரண்டு மாணவர்களுக்கு அது நியாயம். ஒரு முஸ்லிம் கணவன் மனைவிக்கு அது பொருந்தாது. இஸ்லாத்தில் திருமணம் சொத்துகளை ஒன்றாக்குவதில்லை. அவளுடைய சம்பளம், மஹர், நகை, காணி எல்லாம் அவளுடையவை. அவனுடையவை அவனுடையவை. ஆனால் உணவு, உடை, உறைவிடம் என்ற வீட்டுச் செலவு கணவன் மீது கடமை. மனைவி எவ்வளவு சம்பளம் எடுத்தாலும் அந்தக் கடமை குறைவதில்லை. ஆகவே மின்சாரப் பட்டியலை மனைவி கட்டிய மாதத்தில் “பாதி அவளுடைய பங்கு” என்று செயலி எழுதினால், இல்லாத ஒரு கடனை அவள் தலையில் எழுதுகிறது.

ஹிந்த் பின்த் உத்பா (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனது கணவர் அபூ ஸுப்யான் செலவுக்குப் போதுமான அளவு தருவதில்லை என்று முறையிட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை அவருடைய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) கேட்டது மறுபக்கக் கேள்வி. தனது பணத்தைக் கணவருக்கும் தன் பராமரிப்பிலிருந்த அனாதைகளுக்கும் செலவழித்தால் ஸதகாவாகுமா என்பது. உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரட்டைக் கூலி உண்டு என்று அவருக்குப் பதில் கிடைத்தது. இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணவனின் பணம் வீட்டுக்குப் போனால் அது கடமை. மனைவியின் பணம் வீட்டுக்குப் போனால் அது உபகாரம். தொகை ஒன்றாக இருக்கலாம், வாங்கிய அரிசியும் ஒன்றாக இருக்கலாம். கணக்கில் தலைப்பு வேறு.

எனவே செயலி கேட்கும் “எங்கே செலவானது?” என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் வேண்டும்: எந்த வகையில் கொடுக்கப்பட்டது? கணவன் மனைவிக்கிடையில் இதற்குப் பெரும்பாலும் நான்கு பதில்கள் இருக்கும். நபகா என்பது கணவன் தன் கடமைக்காகச் செலவழிப்பது. அன்பளிப்பு என்பது திரும்பக் கேட்கும் எண்ணமே இல்லாமல் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது. மூன்றாவது கடன். நான்காவது அமானத். சீட்டுப் பணத்தையோ தங்கையின் கலியாணப் பணத்தையோ மற்றவரின் கணக்கில் போட்டு வைப்பது போன்றது அது. இந்த நான்கும் வங்கிக் கூற்றில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்: இன்ன திகதி, இன்ன தொகை, இன்னார் கணக்கிலிருந்து இன்னார் கணக்குக்கு. பத்து வருடம் கழித்து அந்தக் கூற்றை எடுத்து வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. கொடுத்தவரின் எண்ணம் அங்கே பதிவாகவில்லை. வீட்டுக்காக மனைவி செலவழித்தது உபகாரமா, கணவனுக்குப் பதிலாகக் கட்டிய கடனா என்பதைத் தீர்மானிப்பது கொடுத்த நேரத்து எண்ணமும் பேச்சும்தான். எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட நபகா காலம் கடந்தாலும் கணவன் மீது கடனாகவே நிற்கும். இது தெரிந்தால் பல கணவர்மார் இன்றைக்கே கொப்பி வாங்குவார்கள்.

“சந்தோசமாக இருக்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்கள் ஒரு மௌத்து வீட்டின் நாற்பது நாள் கழிந்த பிறகு நடக்கும் பேச்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஒரு கணக்கை உதாரணத்துக்குப் போடுகிறேன். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் பன்னிரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. கணவன் மௌத்தாகிறார். பிள்ளைகள் உண்டு. பதிவு எதுவும் இல்லாததால் முழுப் பணமும் அவருடையது என்று எடுத்துக்கொண்டால், மனைவியின் பங்கு எட்டில் ஒன்று, அதாவது 150,000 ரூபா. உண்மையில் அதில் எட்டு இலட்சம் அவள் சம்பளத்திலிருந்து போட்டது என்றால்? அந்த எட்டு இலட்சம் வாரிசுச் சொத்தே அல்ல, அவளுடையது. மிகுதி நான்கு இலட்சத்தில்தான் எட்டில் ஒன்று, அது 50,000. மொத்தம் 850,000. ஏழு இலட்சம் ரூபா வித்தியாசம். யாரும் ஏமாற்றாமலே, எழுதாமல் விட்டதால் மட்டும் வரும் வித்தியாசம் இது. எதிர்த்திசையிலும் நடக்கலாம். முழுப் பணத்தையும் மனைவி எடுத்துக்கொண்டால், மகனின் சொத்தில் ஆறில் ஒன்று பெறவேண்டிய வயோதிபத் தாய்க்கு ஒன்றும் கிடைக்காது.

கூட்டுக் கணக்குத் திறக்கும்போது “இருவரில் எவரும் அல்லது எஞ்சியிருப்பவர்” என்ற நிபந்தனைக்குக் கையொப்பமிடுகிறோம். மற்றவர் மௌத்தானால் பணம் எனக்குத்தான் என்று பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். பணத்தை யார் கையில் கொடுப்பது என்று வங்கிக்குச் சொல்லும் அறிவுறுத்தல் அது. ஷரீஆவின்படி யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை அது மாற்றாது. மரணசாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவரவர் பிரிவின் இஸ்லாமியச் சட்டமே இந்நாட்டில் பொருந்தும். ஏ.டி.எம். அட்டை விடயம் இன்னும் கவனிக்கவேண்டியது. வெளிநாட்டில் இருக்கும் கணவன் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் மனைவியிடம் விட்டுப்போவது எமது பகுதியில் சாதாரணம். வங்கி விதி அதற்கு இடம் தருவதில்லை என்பது ஒருபுறம். அவர் மௌத்தான செய்தி வந்த பின்பு அந்த அட்டையில் எடுக்கும் ஒவ்வோர் ஆயிரமும் எல்லா வாரிசுகளுக்கும் உரிய பணம் என்பது மறுபுறம். மனைவி பெயரில் கணக்குத் திறந்து, நபகாவை மாதாமாதம் அதற்கு அனுப்பினால் இந்தச் சிக்கல் எழாது. கைக்கு வந்துசேர்ந்த நபகா அவளுடையது.

இனி எமது கரையோரத்துக்கே உரிய பெரிய விடயத்துக்கு வருகிறேன்: வீடு.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. தாய்வழிக் குடி முறையின் தொடர்ச்சி இது. அக்கரைப்பற்றில் 1969இல் ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எத்தனை வாப்பாமாரைக் கடனாளியாக்கியது என்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கு நான் கவனிப்பது கலியாணத்துக்குப் பிறகு நடப்பதை. வாப்பாவால் பெரும்பாலும் முழு வீடு கட்டிக் கொடுக்க முடிவதில்லை. அத்திவாரமும் சுவரும் போட்டுக் கொடுப்பார். மாப்பிள்ளை கட்டாருக்குப் போய் கொங்கிரீட், டைல்ஸ், மேல்மாடி என்று பத்து வருடம் பணம் அனுப்புவார். உறுதி மனைவி பெயரில். பணம் கணவனுடையது.

அந்தப் பணம் என்ன? மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்பா? அவளுக்குக் கொடுத்த கடனா? உறைவிடம் தன் கடமை என்பதால் செய்த நபகாவா? அல்லது வீட்டில் தனக்கும் பங்கு வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட முதலா? நான் கேட்டுப் பார்த்தவர்களில் இதைத் தம்பதியாகப் பேசி முடிவெடுத்தவர்கள் மிகச் சிலரே. அறுபது இலட்சம் அனுப்பிய மகன் மௌத்தானால், அது அவருடைய முதல் என்று அவருடைய தாய் நினைப்பார். அப்படியானால் ஆறில் ஒன்றான பத்து இலட்சம் அந்தத் தாய்க்குரியது. அது எனக்குத் தந்த அன்பளிப்பு என்று மனைவி சொல்வார். அப்படியானால் தாய்க்கு அதில் ஒரு ரூபாவும் இல்லை. இருவரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் கபுறடியில் இருக்கிறார்.

விவாகரத்து என்றால் இது இன்னும் கசக்கும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மஹர், கைக்கூலி, நபகா சம்பந்தமான கோரிக்கைகளைக் காதி நீதிமன்றம் விசாரிக்கலாம். காணி, வீட்டு உரிமை பற்றிய வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அங்கு போனால் ஆவணம் கேட்பார்கள்.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் இப்பகுதி கண்டது. சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் பல இடங்களில் “குடும்பத் தலைவர்” என்ற முறையில் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. தாய்வழியாக வந்த வளவு பெண்ணுடையது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனுடையதாயிற்று. அந்நேரம் பெண்கள் அமைப்புகள் இதைச் சுட்டிக்காட்டின. அவசரத்தில் நிரப்பிய ஒரு படிவத்தால் உரிமை கைமாறியது.

நகை விடயத்தில் எழுதும்போது இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. வீசாவுக்குப் பணம் கட்ட மனைவியின் ஐந்து பவுணைக் கணவன் வாங்குகிறார். நகையையே கடனாக வாங்கினாரா, நகையை விற்று அவள் கொடுத்த காசைக் கடனாக வாங்கினாரா? முதலாவது என்றால் திருப்ப வேண்டியது அதே எடைத் தங்கம். இரண்டாவது என்றால் அன்று கைக்கு வந்த ரூபா. சாதாரண காலத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. 2021இல் ஐந்து பவுணைக் கொடுத்த பெண்ணுக்கு இன்று அன்றைய ரூபாவைத் திருப்பிக் கொடுத்தால் அதில் பாதி நகைகூட வாங்க முடியாது. ஆகவே “நகை, 40 கிராம், கடன்” என்று எடையோடு எழுதுங்கள். கணவன் மௌத்தானால் பங்கு பிரிப்பதற்கு முன் கடன்தான் முதலில் தீர்க்கப்படும். மனைவியின் கடனும் அதில் சேரும். எழுதாமல் விட்டால் அவள் எட்டில் ஒரு பங்குக்காரி மட்டுமே.

ஸகாத் கணக்குக்கும் இதே பதிவு தேவை. ஒவ்வொருவரின் ஸகாத்தும் அவரவர் பொறுப்பு. கலந்திருக்கும் சொத்தின் நிசாபைச் சேர்த்துப் பார்ப்பதா, தனித்தனியாகப் பார்ப்பதா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எப்படிப் பார்த்தாலும் யாருடையது எவ்வளவு என்று முதலில் தெரியவேண்டும்.

கணவன் மனைவிக்குள் கணக்குப் பார்ப்பது அன்பைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம் வரும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரா பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சிறிய தொகை பெரிய தொகை என்று பாராமல் எழுதும்படியும், அதுவே சந்தேகம் வராமலிருக்க நெருங்கிய வழி என்றும் அது விளக்குகிறது. கணவன் மனைவிக்கு அதில் விதிவிலக்கு இருப்பதாக நான் கேட்டதில்லை. மனைவி மனமொப்பி மஹரை விட்டுக்கொடுத்தால் அதை அனுபவிக்கலாம் என்று ஸூரா நிஸா அனுமதிக்கிறது. விட்டுக்கொடுக்க வேண்டுமானாலும் என்ன இருந்தது என்று தெரியவேண்டுமே.

அந்த ஆட்சேபத்தில் நியாயமான ஒரு பயம் இருப்பதையும் ஏற்கிறேன். செயலி கையில் இருந்தால் கணக்கு கண்காணிப்பாக மாறிவிடும். மனைவி ஊரில் அட்டையைத் தேய்த்த அடுத்த நிமிடம் தோஹாவிலிருந்து “850 ரூபாவுக்கு அங்கே என்ன வாங்கினாய்?” என்று வட்ஸ்அப்பில் கேள்வி வருவதை நான் அறிவேன். மறுபக்கத்தில் கணவன் தன் உம்மாவுக்கு அனுப்பிய பத்தாயிரத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. இதற்கு ஒரே வழி, இருவரும் பார்க்கவேண்டிய பணத்தை மட்டும் இருவரும் பார்க்கும் கணக்கில் வைப்பது. மனைவியின் சொந்தக் கணக்கின் இரகசிய இலக்கம் கணவனுக்குத் தேவையில்லை. அவனுடையது அவளுக்கும் தேவையில்லை. ஓடிபி யாருக்கும் தேவையில்லை.

எங்கள் வீட்டில் மூன்று கணக்குகள். எனக்கொன்று, மனைவிக்கொன்று, வீட்டுக்கென்று கூட்டாக ஒன்று. சம்பளத்துக்கு மறுநாள் எனது கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகவே வீட்டுக் கணக்குக்குப் போகும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்திருக்கிறேன். அது நபகா. மின்சாரம், தண்ணீர், கடைக் கொப்பி, டியூஷன் எல்லாம் அதிலிருந்து. மனைவி அந்தக் கணக்குக்குப் பணம் போட்டால், அனுப்பும்போதே குறிப்புப் பகுதியில் ஓர் இலக்கம் இடுவார். பல செயலிகளில் குறிப்புப் பகுதி தமிழ் எழுத்தை ஏற்பதில்லை, இடமும் குறைவு. அதனால் இலக்கம். 1 என்றால் நபகா, 2 அன்பளிப்பு, 3 கடன், 4 அமானத். “3 மோட்டார் இஞ்சின்”, “4 சீட்டு” என்ற மாதிரி. இலக்கம் இல்லாமல் வந்தது 2 என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். சில்லறைக்கெல்லாம் இலக்கம் தேடி மனம் கசக்கத் தேவையில்லை. ஐயாயிரத்துக்குக் குறைந்ததை நாங்கள் எழுதுவதே இல்லை. ஏ.டி.எம்மில் எடுக்கும் காசுக்கு ஒரு கொப்பி சமையலறையில் இருக்கிறது.

மாதக் கூற்றைத் தரவிறக்கி மின்னஞ்சலில் சேமிப்பது நல்லது. பழைய மாதங்களை எல்லாச் செயலியும் எப்போதும் காட்டாது, தொலைபேசியும் கடலில் விழும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆனால் காணி விற்பனைக்கும் மரணசாசனத்துக்கும் அது பொருந்தாது. வீடு, வளவு சம்பந்தமான முடிவை நொத்தாரிசிடம் போய்த்தான் எழுதவேண்டும். பெரிய கடனை ஒரு தாளில் திகதியிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு வைத்தால் வங்கிக் கூற்று அதற்குத் துணை நிற்கும்.

கலியாணம் முடித்துப் பதினைந்து வருடமானவர்கள் பழையதை எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பட்டியலையும் தோண்டி எடுக்க முடியாது, தேவையுமில்லை. வீடு, வயல், வாகனம், நகை, வெளிநாட்டுப் பயணச் செலவு என்ற ஐந்து பெரிய விடயங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் யாருடைய பணம் ஏறத்தாழ எவ்வளவு, அது நான்கில் எது என்று இருவரும் பேசுங்கள். ஒத்துவராததில் ஒரு தொகைக்கு இணங்கலாம், அல்லது யாராவது மனமொப்பி விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால் “விட்டுக்கொடுத்தேன்” என்றே எழுதுங்கள். மாமியார், மச்சான்மார் இல்லாத நேரமாகப் பார்த்து, கணவன் விடுமுறையில் வந்து முதல் வாரம் கழிந்த பிறகு உட்காருவது நல்லது. முதல் வாரத்தில் விருந்தாளிகள் ஓயமாட்டார்கள். கடைசி வாரத்தில் பயணப் பெட்டி கட்டும் அவசரம் இருக்கும்.